லாபம், இரண்டு

செக்காலை ரோட்டில் டயர் கடைக்கு மேல் மாடி.
ரப்பர் நாற்றத்தில்தான் எங்கள் உலகம் உண்டானது.
அந்த உலகத்தில் ஒரே ஒரு தண்ணி லாரி,
அதை ஓட்ட ஒருவன்.
பெயர் இன்னும் வைக்கவில்லை;
கோப்பில் அவன் 'டிரைவர் புதுசு மூணு'.

ஏழு தெரு, நூற்றுப்பத்துக் குடம்.
சிந்தாமல் ஊற்றினால் அடுத்த கட்டம்.
ஒவ்வொரு குடத்திலும் ஒரு நசுங்கல் வைத்தாள் ஜெனோவா,
எந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்கக் கூடாதாம்.
அதற்கே பதினோரு நாள்.
தேனப்பன் அண்ணன் எதுவும் சொல்லவில்லை,
காலண்டரை மட்டும் ஒருமுறை பார்த்தார்.

சம்பளம் மாசியோடு நின்றது.
சித்திரையில் ஹைதராபாத்திலிருந்து ஒரு வேலை:
ரம்மி ஆப். நாணயம் கொட்ட வேண்டும்.
ஜெயித்தவனுக்குக் கொட்டுவது ஒரு விதம்,
தோற்றவனை 'இன்னும் ஒரு ஆட்டம்' என்று
கூப்பிட மினுங்குவது வேறு விதம்.
பகலெல்லாம் நாணயம் வரைந்தாள்.
அவள் தம்பி பைக்கை விற்றது
இப்படி ஒரு மினுக்கத்தில்தான்;
எங்கள் நாலு பேருக்கும் தெரியும்.
'பொன் நிறம் இன்னும் கொஞ்சம் சூடாக' என்றது ஹைதராபாத்.
சூடாக்கினாள்.
அந்தப் பணத்தில் கரண்ட் பில் கட்டினோம்.

இரவு எங்களுடையது.
அப்தாகிர் மைக்குக்குப் பாலித்தீன் பை மாட்டி
ஊரிலுள்ள தண்ணீரையெல்லாம் கேட்டுப் பார்த்தான்.
கடைசியில் சரியாக அமைந்தது
கக்கூஸ் தொட்டி நிரம்பும் சத்தம்.
யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம்.
என் வேலை, டிரைவரைத் தரையில் நிறுத்துவது.
நாலாவது தெரு முனையில் பிரேக் போட்டால்
லாரி தரைக்குள் இறங்கிவிடும்.
தெருவுக்கு அடியில் ஒன்றுமில்லை,
வெறும் நீலம்.
அதில் அவன் ஸ்டியரிங்கை விடாமல்
விழுந்துகொண்டே இருப்பான்.
யுபிஎஸ் கத்தத் தொடங்கும்வரை பார்ப்பேன்.

ஆவணி வெள்ளி, ராகு காலம் கழிந்து
பன்னிரண்டே காலுக்கு விற்பனைக்கு விட்டோம்.
நாலு பத்துக்கு ஒருவர் வாங்கினார்.
'லாபம்' என்றார் தேனப்பன் அண்ணன்.
அரிசி மண்டிக்காரர் மகன்;
அந்த வாயில் ஒன்று என்ற எண்ணே கிடையாது.
இரண்டுக்காகக் காத்திருந்தோம்,
வந்த டீயில் ஆடை படிந்தது.
ஐந்து ஐம்பதுக்கு லாபம் திரும்பிப் போனது.
காரணம்: தவறுதலாக வாங்கிவிட்டேன்.

பாக்கிச் சம்பளத்துக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம்.
ஜெனோவாவுக்குப் பெரிய திரை.
பழைய புடவையில் சுற்றி, மடியிலேயே வைத்து
சென்னை பஸ்ஸில் ஏறினாள்.
'போயிட்டு வரேன்' என்றாள்.
அப்தாகிர் ஹெட்போனோடு
கல்லுக்கட்டியில் செல்போன் கடைக்குப் போனான்.
எனக்குக் கிராபிக்ஸ் கார்டு.
'பத்திரம் சோலை, வித்தா முப்பது வரும்' என்றார் அண்ணன்,
தன் சட்டையாலேயே தூசியைத் துடைத்துக்கொண்டே.

புரட்டாசியில் யாரோ வாங்கினார்கள்.
போன் போட்டேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
முதலாவது திரும்பிப் போய்விட்டதே,
மறுபடி லாபத்திலிருந்தா என்று
யோசித்திருப்பார்.
'இரண்டு' என்றார்.

இரண்டாமவரிடமிருந்து ஒரு வரி வந்தது:
நாலாவது தெருவில் விழுந்துவிட்டேன்,
நல்லாத்தான் இருக்கு. கீழே ஏதாவது உண்டா?

கார்டு போன கணினி
படம் படமாக, மூச்சு வாங்கித் திறந்தது.
ஓட்டையை அடைக்கத்தான் உட்கார்ந்தேன்.
அடைக்கவில்லை.
நீலத்தில் ஒன்பதாயிரம் அடி கீழே
ஒரு கட்டில் அகலத்துக்குத் தரை போட்டேன்.
அதன்மேல் ஜெனோவாவின் குடம் ஒன்று,
கழுத்தோரம் நசுங்கியது.
அனுப்பிவிட்டுப் படியிறங்கினேன்.

கீழே டயர் கடைப் பையன்
ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி
குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.
நானும் நின்றேன்.